ஏரிக்கரையில் நம் அயலார்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கீழ்பென்னாத்தூர். மேற்கே அண்ணாமலையின் முகடு. கிழக்கே செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகள். இடையே ஏரிகளும் நெல்வயல்களும் மணிலாக் கொல்லைகளும். இம்மண்ணைப் பற்றி எழுதப் புகுவோர் அண்ணாமலையார் கோயிலைப் பற்றி எழுதுவர். செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுவர். கோயிலும் கோட்டையும் கட்டாத, பட்டயமும் பட்டாவும் பெறாத ஒரு மக்களும் இங்கே வாழ்கின்றனர். ஏரிக்கரையின் ஓரத்தில், கருவேல மரங்களின் இடையில், பத்துப் பதினைந்து குடிசைகளாக அவர்தம் குடியிருப்பு தென்படும். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் வழிதான் அது. அவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருளர் என்பது அவர்தம் பெயர். வடமாவட்டங்களில் சிலவிடங்களில் வில்லியர் என்றும் அழைக்கப்படுவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரையும் சேர்த்து, தமிழகத்தில் ஆறு இனத்தாரை மிகவும் நலிந்த பழங்குடியினர் என அரசு வகுத்துள்ளது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். நீலகிரியில் வாழும் இருளர்க்குத் தனிமொழி உண்டு. நம் பகுதி இருளர் தமிழே பேசுவர். நம் மாவட்டத்துச் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் போல மலைமேல் ஊர்கட்டி உழுது வாழ்வோர் அல்லர் இவர்கள். காட்டின் விளிம்பிலும் வயலின் விளிம்பிலும் ஊரின் விளிம்பிலும் வாழ்ந்து பழகியோர்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் உள்ளன. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலில், தென்னார்க்காட்டு இருளர் பெரும்பாலும் செஞ்சி மலைகளை ஒட்டி வாழ்வதாகக் கூறப்பட்டுள்ளது. இரண்டு மூன்று குடிசைகளுக்கு மேல் ஓரிடத்தில் இரா; குடிசை சிறியது, வட்டமானது; தவழ்ந்து நுழையும் அளவே வாசல். வயலுக்குக் காவல் இருப்பதும் கிணற்றில் நீர் இறைப்பதும் அவர்தம் தொழில். அந்த நூலின் செஞ்சி மலைகள் நம் வீட்டுக் கூரையிலிருந்து காணத்தக்க தொலைவில் உள்ளவைதாம். வட்டக் குடிசைகள் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் தார்ப்பாய் போர்த்திய கூரைகள் நிற்கின்றன. வாசல் மட்டும் இன்றும் குனிந்தே நுழையும் உயரத்தில் உள்ளது.

வயலும் காடும் தந்த வாழ்வு

அவர்தம் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. ஆடவர் கடப்பாரையும் மண்வெட்டியும் தோளில் ஏந்தி வயல்வெளிக்குப் புறப்படுவர். பெண்கள் ஏரி வற்றும் பருவத்தில் சேற்றில் இறங்கி, வெறுங்கையால் மீன் துழாவிப் பிடிப்பர். நண்டும் நத்தையும் சேர்ப்பர். எந்தப் புதரில் எந்தக் கீரை, எந்த வேலியில் எந்தக் கொடி, எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேர் என்பதைத் தாயரிடமிருந்து மகளிர் கற்பர். ஏட்டில் எழுதாத இக்கல்வி கால்நடையாகவே கற்பிக்கப்படுகிறது. குழந்தை இடுப்பிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியதும் பாடமும் தொடங்கிவிடுகிறது.

அறுவடை முடிந்த வயலொன்றில் அவர்களுடன் நின்று எலி பிடிப்பதைக் கண்டோம். வரப்பில் ஐந்தாறு வளைகள் இருந்தன. நம் கண்ணுக்கு அவையெல்லாம் ஒன்றுபோலவே தோன்றின. உடன் வந்த முதியவர் ஒரு வளையின் வாயில் கிடந்த மண்ணைக் கிள்ளிப் பார்த்து, ஈரம் காயாதது என்றார். அதனுள் எலி இருக்கிறது என்பது பொருள். மற்ற வழிகளை மண்ணால் அடைத்தனர். அடியில் சிறுதுளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பிட்டு, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, துளை வழியே ஊதினர். புகை உள்ளே சென்று நிறைந்தபின் வளையைத் தோண்டினர். எலிகளோடு, அவை சேர்த்துவைத்த நெற்கதிர்களும் கிடைத்தன. அந்த நெல்லை மண் போகப் புடைத்து எடுத்துக்கொண்டனர். பயிருக்குக் கேடு செய்த எலி ஒழிந்தது, உழவருக்கு நன்மை. இழந்த கதிர் உணவாயிற்று; உழைத்தவருக்கு நன்மை. நிலத்தில் நஞ்சு ஏதும் விழவில்லை.

அந்தக் கதிர்களைக் கண்டபோது நமக்கு விவிலியத்தின் ரூத்து நினைவுக்கு வந்தார். வயலின் ஓரம்வரை அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்பது லேவியர் நூல் கூறும் சட்டம். அச்சட்டத்தின் நிழலில்தான் மோவாபு நாட்டுக் கைம்பெண்ணான ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கினார். தாவீதின் முன்னோருள் ஒருவரானார். நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் இடம் பெற்றார். சிந்திய கதிரைப் பொறுக்கும் கையை இறைவன் எவ்வளவு உயர்வாக மதிக்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எலி தின்பவர், ஈசல் தின்பவர் என இவர்களை இழித்துப் பேசுவோர் உளர். மழை விட்ட மாலையில் புற்றின் அருகே விளக்கேற்றி ஈசல் பிடிப்பதும், அதனை வறுத்து அரிசிப் பொரியுடன் கலந்து உண்பதும் இருளர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் பாட்டிமார் பலர் செய்ததே. திருமுழுக்கு யோவானின் உணவு வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் என நற்செய்தியாளர் மத்தேயு எழுதுகிறார். அதனை வாசிக்கக் கேட்டு நாம் முகம் சுளிப்பதில்லை. தவ வாழ்வு எனப் போற்றுகிறோம். யோர்தான் கரையில் புனிதமாகத் தோன்றுவது நம் ஏரிக்கரையில் மட்டும் இழிவாகுமா?

கிழங்கு தோண்டுவதையும் ஒருமுறை கண்டோம். கொடியின் அடியில் ஆழமாகத் தோண்டிக் கிழங்கை எடுத்தபின், அதன் தலைப்பகுதியைக் கொடியோடு வெட்டி மீண்டும் குழியில் வைத்து மண் மூடினார் முதியவர். ஏன் என்று வினவினோம். “எடுத்த எடத்துலயே வச்சாத்தான் சாமி, வர்ற வருசமும் குடுக்கும்” என்றார். இயற்கையைப் பேணுதல் குறித்து இன்று கூட்டங்கள் பல நடைபெறுகின்றன. அம்முதியவர் அதனை ஒரு கைப்பிடி மண்ணால் சொல்லி முடித்தார்.

நஞ்சிலிருந்து மருந்து

இருளரின் பெயர் உலகளவில் அறியப்பட்டிருப்பது பாம்பு பிடிக்கும் திறத்தால். தோல் வணிகத்திற்காக அவர்கள் பாம்பு பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து அவ்வணிகம் தடைபட்டது. சட்டம் நல்லதே, ஆயினும் பல குடும்பங்களின் பிழைப்பு அதனால் முறிந்தது. அந்நிலையில், ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்கிவருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்துக் கொணர்ந்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கப்படுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்; ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வயலில் உழைப்போர். இரவில் மோட்டார் போடச் சென்ற உழவர் ஒருவர் கடியுண்டு, மருத்துவமனையில் ஊசியால் பிழைத்து வீடு திரும்பும்போது, அம்மருந்தின் பின்னால் ஓர் இருளரின் கை இருந்திருக்கக்கூடும். 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் கண்டு அறியும் அவர்தம் கண்ணை உலகம் மதித்த தருணம் அது.

கடற்கரையில் ஒரு திருவிழா

மாசி மகத்தன்று வடமாவட்டத்து இருளர் பலர் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவர். அவர்கள் வணங்கும் கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குச் சென்றுவிட்டதாகவும், ஆண்டுதோறும் அங்குச் சென்று அவளை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்றும் நம்புகின்றனர். சேலைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்து மணலிலேயே தங்குவர். முழுநிலவு மறைந்து கதிரவன் எழும் வேளையில், ஈர மணலில் ஏழு படிகள் அமைத்துப் பூவும் விளக்கும் வைத்து வழிபடுவர். பெண் பேசுவதும், நிச்சயம் செய்வதும், தாலி கட்டுவதும் அங்கேயே நிகழும். உறவினரிடையே உள்ள வழக்குகளும் அங்கே பேசித் தீர்க்கப்படும். மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் தருவதே பழைய வழக்கம். மகளைப் பெற்றவர் கடனாளியாகும் நிலை அவர்தம் மரபில் இல்லை. வரதட்சணையால் கண்ணீர் சிந்தும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் இருக்கையில், இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் மறைநம்பிக்கை வேறு. எனினும், பிற மக்களின் மரபுகளில் இறைவார்த்தையின் விதைகள் மறைந்து கிடக்கின்றன என்றும், அவற்றை மகிழ்வோடும் மதிப்போடும் கண்டுணர வேண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. கோபித்துச் சென்றவளைத் தேடிச் சென்று அழைத்துவரும் மக்களிடம், உறவு முறியலாகாது என்னும் பேருண்மை ஒன்று இருக்கக் காண்கிறோம்.

இரு முனையிலும் இழப்பு

இவ்வளவும் பெருமை. இனிச் சொல்ல வேண்டியது துயரம்.

காடு சுருங்கியது, ஏரி மீன் குத்தகைக்குச் சென்றது, எலிக்கு நஞ்சு வந்தது. பிழைப்பு இழந்த குடும்பங்கள் முன்பணம் பெற்றுச் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கரும்பு வெட்டவும் மரம் வெட்டவும் சென்றன. வாங்கிய பணம் சில ஆயிரம். கழித்த ஆண்டுகள் பல. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் அவ்விடங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நம் மாவட்டத்திலேயே வந்தவாசியை அடுத்த மீசநல்லூரில், அவ்வாறு மீண்ட குடும்பங்களுக்கென ஒரு குடியிருப்பே எழுப்பப்பட வேண்டியதாயிற்று. எங்கேனும் திருட்டு நிகழ்ந்தால் ஐயம் முதலில் விழுவதும் இவர்கள்மேல்தான். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே 1990-களிலிருந்து இவர்களின் உரிமைக்காக ஓயாது உழைத்துவந்தமைக்குக் காரணம் இதுவே.

பிள்ளைகள் படித்தால் எல்லாம் சரியாகும் என்போம். படிக்கத்தான் செய்கின்றனர். பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பெற்றோரின் சான்றிதழ் வேண்டும். பெற்றோர்க்கோ பள்ளியும் இல்லை, பட்டாவும் இல்லை. “பையனுக்கு எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமான்னு கேக்கறாங்க ஐயா” என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார். பத்தாண்டு பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு அது எவ்வாறு தெரியும்? காட்டில் இருந்தால் கல்வி இல்லை. கல்விக்கு வந்தால் காட்டைக் கற்றிருக்க வேண்டும். தந்தையின் அறிவையும் இழந்து, பள்ளியின் பயனையும் பெறாது, இடையில் நிற்கிறான் அப்பிள்ளை. ஏரிக்கரையில் நாம் காணும் துயரங்களுள் பெரியது இதுவே என்போம்.

இத்துயரம் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்கப் புல்வெளிகளில் ஷையான் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். முன்பு காட்டெருமையே அவர்க்கு உணவும் உடையும் உறையுளுமாக இருந்தது. அதன் தோலைக் கழிகள்மேல் போர்த்திக் கூம்பு வடிவக் கூடாரம் அமைத்தனர். அதனை அமைத்தவளும் உடையவளாக இருந்தவளும் பெண்ணே. நாற்பத்து நான்கு தலைவர் கொண்ட அவை அவர்களை வழிநடத்தியது. தலைவன் என்பவன் சினம் அடக்குவோனாகவும் இல்லார்க்கு ஈவோனாகவும் இருத்தல் வேண்டும். வெள்ளையர் வரவால் எருமைக் கூட்டம் அழிந்தது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக் என்னுமிடத்தில் பெண்டிரும் பிள்ளைகளுமாக அவர்கள் படைவீரரால் கொன்று குவிக்கப்பட்டனர். 1884-இல் உர்சுலின் சபைச் சகோதரியர் மொன்டானாவில் ஷையான் பிள்ளைகளுக்கெனப் புனித லாபர் பள்ளியைத் தொடங்கினர். அது இன்றும் நடைபெறுகிறது. ஆனால் அக்காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழங்குடிப் பிள்ளைகளுக்கென அமைந்த உறைவிடப் பள்ளிகள் பலவற்றில், எழுத்தைக் கொடுத்தவர்களே தாய்மொழியைப் பறித்தனர், முடியைக் கத்தரித்தனர், பெயரையும் மாற்றினர். அத்தகைய பள்ளிகளில் கிறிஸ்தவர் ஆற்றிய பங்கிற்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சூலையில் கனடாவுக்கே சென்று பழங்குடி மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். முதிர்ந்த வயதில், சக்கர நாற்காலியில், அவர் மேற்கொண்ட அப்பயணத்தைத் தவப்பயணம் என்றே அழைத்தார். கல்வி கொடுப்பது மட்டும் போதாது, அது எதனைப் பறிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அப்பயணம் நமக்குத் தரும் பாடம்.

2015-இல் அவர் எழுதிய சுற்றுமடலிலும், பழங்குடியினரை உரையாடலின் முதன்மைப் பங்காளராகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்தினார். அவர்க்கு நிலம் விலைபொருள் அன்று. இறைவனும் முன்னோரும் தந்த கொடை. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, சார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே வாழ்ந்து, 2021 சூலை 5 அன்று காவலில் இருந்தபோதே மறைந்த இயேசு சபை அருட்தந்தை ஸ்டேன் சுவாமி இதனை வாழ்ந்தே காட்டினார்.

ஒரு சொல்லின் விலை

எல்லாரும் சார்க்கண்டுக்குச் செல்ல இயலாது. ஏரிக்கரை வரை செல்ல இயலும். அதற்கும் முன்னதாகச் செய்ய இயல்வது ஒன்றுண்டு.

எழுபது வயது இருளர் ஒருவரை நம் தெருவில் பத்து வயதுச் சிறுவன் “டேய்” என்று அழைப்பதைக் கேட்டோம். அவர் “இதோ வந்துட்டேன் சாமி” என்று ஓடிவந்தார். சிறுவனின் தாயார் உள்ளிருந்து கேட்டுவிட்டு வெளியே வந்தார். “தாத்தான்னு கூப்பிடுடா” என்று கண்டித்தார். சிறுவன் தயங்கி, “தாத்தா” என்றான். முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ அழைப்பதாக எண்ணிக்கொண்டார். இரண்டாம் முறை அழைத்தபோதுதான் நின்றார், சிறுவனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனித மாண்பைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அன்று அத்தெருவில் கேட்ட மறையுரை ஒரே சொல்லால் ஆனது. அச்சொல்லுக்குச் செலவு ஏதும் இல்லை. அதனை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எந்த அரசாணையும் வேண்டியதில்லை. வேலைக்கு வந்தால் மற்றவர்க்குத் தரும் கூலியே இவர்க்கும் என்பது அடுத்த படி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சேலையும் வேட்டியும் கொடுப்பது நன்று. அதே விழாவில் அருகமர்ந்து ஒரே பந்தியில் உண்பது அதனினும் நன்று. அவர்தம் முதியவரை நம் பங்குப் பள்ளிக்கு அழைத்து, செடிகளையும் தடங்களையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்தால், இருளர் பிள்ளை தன் தாத்தாவை வகுப்பறையில் ஆசிரியராகக் காணும். அன்று அப்பிள்ளை எதனையும் இழக்காமல் கல்வி பெறும்.

யார் என் அயலார் என்று திருச்சட்ட அறிஞர் கேட்டபோது, ஆண்டவர் ஓர் உவமை சொல்லி, யார் அயலாராக நடந்துகொண்டார் எனத் திருப்பிக் கேட்டார். அக்கேள்வி நம் ஏரிக்கரையிலும் ஒலிக்கிறது.

ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பினால் முதலில் நீர் புகுவது அக்குடிசைகளில்தான். மேட்டு நிலத்தில் மனைப்பட்டா வேண்டி அக்குடும்பங்கள் மனு கொடுக்க விரும்புகின்றன. எழுதித் தருவதற்கு ஆள் இல்லை. நம் அன்பியத்தில் மூவர் முன்வந்துள்ளனர். சான்றிதழுக்கான படிவங்களையும் அவர்களே நிரப்பித் தருவதாக இசைந்துள்ளனர். ஞாயிறு திருப்பலி முடிந்தபின், காலை ஒன்பது மணிக்கு, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அவர்கள் அமர்ந்திருப்பர். எழுதத் தெரிந்த கைகள் இன்னும் சில வேண்டும்.